தானாகச் சாத்திக்கொள்ளும் கேட்

மேலே ஒரு குழல்விளக்கு போகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு சுண்ணாம்பு உரிந்த ஓர் இடம், பிறகு மறுபடியும் ஒரு குழல்விளக்கு, நான் எங்கும் போகவில்லை, மல்லாந்து கிடக்கிறேன், ஆஸ்பத்திரியின் கூரைதான் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, என் இரண்டு பாதங்களும் வெள்ளைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போகின்றன, தள்ளுகிறவரின் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது, ஸ்கேன் அறைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், வண்டியின் ஒரு சக்கரம் நான் நேரேதான் போவேன் என்று அடம்பிடிக்கிறது, இந்தச் சனியன் சொன்ன பேச்சே கேக்காதுங்க என்று அவர் யாரிடமோ சொல்கிறார், எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்ததும் இடுப்பில் யாரோ கடப்பாரை போட்டு நெம்புகிறார்கள், இப்படிக் காலை நீட்டிக்கொண்டு அடுத்தவர் தள்ளப் போவது வாழ்க்கையில் கடைசியாக ஒரே ஒரு தடவைதான் வரும் என்றல்லவா நினைத்திருந்தேன், அது இப்படி முன்கூட்டியே வந்து நிற்கிறது, பக்கத்தில் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஓட்டமும் நடையுமாக வருகிறார், கையில் என் செருப்பு, எதற்கு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, திரும்பி நடந்து வரும்போது போட்டுக்கொள்ள வேண்டாமா என்று நினைத்திருப்பார், நான் நடந்து வருவேன் என்று அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் நம்பியது அவர் ஒருவர்தான்.

அதற்கு முன்னால் நான் போகிறவளாக இருந்தேன். ஒண்டிப்புதூரில் எங்கள் வீட்டிலிருந்து யூனிட்டுக்கு, பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற வேலை, குனிந்து உட்கார்ந்து சுற்றிய காயிலை ஒவ்வொன்றாக இரும்புக்கூட்டுக்குள் செருக வேண்டும், அதற்குப் போக எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது, சாம்பல் நிறம், செயின் கவரில் ஒரு நசுங்கல், மணி அடிக்காது, நானே வாயால் ஏங்க ஏங்க என்று சொல்லிக்கொண்டு போவேன், குளத்தங்கரை ரோட்டில் இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கிளை கோத்து நிற்கும், வெயில் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும், அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவேன், வீட்டில் நான் மருமகள், யூனிட்டில் நான் இரண்டு கை, நடுவில் அந்த ரோட்டில் மட்டும் நான் யாருக்கும் யாரும் இல்லை, அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வேலைக்கே போனேனோ என்று இப்போது தோன்றுகிறது, ஒருநாள் மோட்டார்க் கூட்டைத் தூக்கிப் பலகையில் வைத்தேன், அது உட்கார்ந்துவிட்டது, நான் நிமிரவில்லை. பிறகு ஆஸ்பத்திரி, கூரை, குழல்விளக்கு, ஆப்பரேஷன், இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பெல்ட், குனியக் கூடாது, கூன் போட்டு உட்காரக் கூடாது, குழியில் தடக் தடக்கென்று இறங்கி ஏறும் எதிலும் உட்காரக் கூடாது, டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சைக்கிளெல்லாம் மறந்துருங்கம்மா. நல்ல மனிதர், என் முதுகைத் தைத்துக் கொடுத்தவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் மறந்துருங்கம்மா என்றதும் எனக்கு அந்த ரோடுதான் கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு நான் போகவில்லை, கொண்டுபோகப்பட்டேன், ஆட்டோவில், தெரிந்தவர் காரில், பின்சீட்டில் படுத்தபடி, இறக்கிவிட ஒருவர், ஏற்றிவிட ஒருவர், எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள், அன்பாகச் செய்கிறவர்களிடம் கோபப்படவும் முடியாது, அதுதான் பெரிய சங்கடம்.

வெள்ளிக்கிழமைகளில் பிசியோதெரபி, ஜெசிந்தா என்று ஒரு பெண், மார்த்தாண்டம் பக்கம், கை இரும்பு மாதிரி, குரல் மட்டும் பஞ்சு, ஒருநாள் என்னை மூலையில் இருந்த ஒரு மிஷினிடம் கூட்டிக்கொண்டு போனாள், சைக்கிள்தான், ஆனால் சீட்டுக்குப் பதில் சாய்வு நாற்காலி, பெடல் கீழே இல்லை, காலை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் முன்னால், சக்கரம் கிடையாது, அக்கா முதுகைப் பலகையில நல்லா சாச்சுட்டு மெல்ல மிதிங்க, வலிச்சா உடனே சொல்லணும் என்ன என்றாள், நான் வலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், மிதித்தேன், வலி வரவில்லை, இன்னும் மிதித்தேன், வரும் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை, எடை முழுவதும் முதுகுப் பலகையில் சாய்ந்துவிட்டது, இடுப்பு தன் பாட்டுக்கு இருந்தது, கால் மட்டும் சுற்றியது, என் கால், அது எதையும் மறக்கவில்லை, டாக்டர் சொன்னது அதற்குக் கேட்கவில்லை போல, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர், அதில் ஓர் அருவிப் படம், நான் மிதிக்க மிதிக்க அருவி அங்கேயே விழுந்துகொண்டிருந்தது, வெளியே காத்திருந்த இவர் எட்டிப் பார்த்து, ஏன் கண்ணு அழுவறே, வலிக்குதா என்றார், வலியெல்லாம் இல்லீங்க, எத்தன மிதிச்சாலும் இந்தச் செவுரு நகரமாட்டீங்குது என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார், அது இல்லாமல் அவர் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார், பலகை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, சீட்டுக்கும் பெடலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளக்க ஆரம்பித்துவிட்டார், சார் இது ஆஸ்பத்திரி சாமானம் என்று ஜெசிந்தா சிரிக்கிறாள், எடுத்துட்டுப் போகலீங்க, அளவு மட்டுந்தான் என்கிறார்.

இவர் கேட்டும் கிரில்லும் செய்கிறவர், வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை, கேட் செய்கிறவர்கள் காகிதத்தில் வரைய மாட்டார்கள், பட்டறைத் தரையில் சாக்பீஸால் கேட்டை முழு அளவுக்கு வரைந்து அந்தக் கோட்டின் மேலேயே பைப்பை வைத்து வெல்டிங் செய்வார்கள், சைக்கிளுக்கும் அதே முறைதான், தரையைக் கூட்டி, சாக்கு விரித்து, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், முதுகு மிஷினில் சாய்ந்த அளவுக்குச் சாய்ந்து, ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடக்கி, அசையாத கண்ணு என்று சொல்லிக்கொண்டு தலையில் ஆரம்பித்துக் குதிகால் வரைக்கும் என்னைச் சுற்றி சாக்பீஸ் ஓட்டினார், கழுத்தருகே கூசியது, வெல்டிங் மட்டும் வெச்சுராதீங்க என்றேன், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இருவரும் பட்டறையில் உட்கார்ந்து சிரித்தோம், எழுந்து பார்த்தால் தரையில் நான் கிடக்கிறேன், எனக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம், பின்னால் ஒரு பெரிய வட்டம், நடுவில் ஒரு நீளக் கோடு, அதுதான் எங்கள் சைக்கிள். காப்பி கொண்டுவந்த மாமியார் அதைப் பார்த்தார், போலீஸ்காரங்க செத்த பொணத்தச் சுத்திக் கோடு போடறாப்பல என்ற மருமகளக் கோடு போட்டு வெச்சிருக்கறயேடா, கூறு இருக்குதா உனக்கு என்று மகனைப் பிடித்துக்கொண்டார், விளக்குமாற்றை எடுத்து என்னைத் தலையிலிருந்து கால் வரை கூட்டித் தள்ளினார், மறுநாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நான் மறுபடியும் தரையில் படுத்துக்கொண்டேன். பின்சக்கரத்துக்கும் செயினுக்கும் ஃபோர்க்குக்கும் என் சாம்பல் சைக்கிளைத்தான் அறுக்க வேண்டியிருந்தது, வெளியிலும் வாங்கியிருக்கலாம், உன்ற வண்டிதான் உனக்குத் தோதுப்படும்னு தோணுது என்றார், ஆனால் கட்டிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார், அறுங்க என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன், தீப்பொறி சுவரில் பட்டுப் பட்டு விழுவது மட்டும் தெரிந்தது, அது அறுபட்ட அதிர்ச்சியில் பழைய மணி தானாக ஒரு தடவை அடித்தது, அத்தனை வருஷம் அடிக்காத மணி.

ஹேண்டிலைத் திருப்பும்போது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உள்ளே சுழல வண்டியின் முன்பக்கம் ஒரு குட்டைக் குழாய் இருக்கும், அதை இவர் கழுத்து என்பார், கேட்டுக்குக் கீல் எப்படியோ அப்படி சைக்கிளுக்குக் கழுத்து, என் பழைய வண்டியில் அது பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஹேண்டில் ஓட்டுகிறவர் கைக்கு எட்டத்தான் அந்தச் சாய்வு என்பது அவர் கணக்கு, நம்ம வண்டியில ஹேண்டில நானே நீட்டிக் கைக்குக் கொண்டாந்துட்டேன், பொறவு எதுக்கு அது கோணையா நிக்கோணும் என்றார், கழுத்தை நடுவில் ஓடும் சதுரப் பைப்பின் முனையில் நிமிர்த்தி நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, முடியளவு பிசகில்லாமல் நெட்டுக்குத்தாக வெல்டிங் வைத்தார், கேட் வேலையில் அதுதானே மானம், கீல் நெட்டுக்குத்தாக நின்றால்தான் கேட் விட்ட இடத்தில் விட்டபடி நிற்கும், சென்னியப்பன் போட்ட கேட்டைப் பாதி திறந்து விட்டுவிட்டுப் பொங்கலுக்குப் போய் வந்தாலும் பாதியில்தான் நிற்கும் என்று ஊரில் பேர். ஆனால் காலி மனையில் கொண்டுபோய் அவரே ஏறிச் சாய்ந்து ஒரு மிதி மிதித்ததும் முன்சக்கரம் மடாரென்று ஒரு பக்கம் மடிந்தது, அவர் பார்த்தீனியச் செடிக்குள் கிடந்தார், எழுந்து தூசி தட்டினார், மறுபடியும் ஏறினார், இந்தத் தடவை மறுபக்கம், சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார், முன்னால் பாரம் போதவில்லை என்று மணல்மூட்டை கட்டினார், நடுப்பைப்பை அறுத்து நீளம் கூட்டினார், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு மாற்றம், ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு சிராய்ப்பு, நேரே போக வேண்டிய சக்கரம் எந்தப் பக்கம் சின்னதாகத் திரும்பினாலும் அந்தப் பக்கமே ஓடி மடிந்தது, அல்லாமே ரசமட்டத்துல நிக்குது, இது மட்டும் நிக்கமாட்டீங்குது என்று வரப்பில் உட்கார்ந்தார், நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுங்களா என்றேன், ஏறவே கூடாது, இதுல உழுந்தீனா உன்ற முதுகு எனக்குத் திரும்பக் கெடைக்காது என்றார்.

சைக்கிள் பட்டறை மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது, பழைய வண்டியும் போயிற்று, புதிய வண்டியும் வரவில்லை, அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், நானும் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன், முன்னறைக் கட்டிலில் படுத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், எங்கள் வீட்டுக் கேட் அந்தக் கட்டிலிலிருந்து நேராகத் தெரியும், கல்யாணமான புதிதில் அவர் செய்து மாட்டியது, மாட்டும்போது நேராகத்தான் இருந்ததாம், சாக்கடைப் பக்கத்துத் தூண் நாளாக நாளாக உள்வாங்கி இறங்கியதில் கீல் சாய்ந்துவிட்டது, திறந்து கையை எடுத்தால் போதும், கேட் மெல்லக் கிளம்பி வந்து டங்கென்று சாத்திக்கொள்ளும், ஊருக்கெல்லாம் கேட் நேரா மாட்டறவரு ஊட்டுக் கேட்டப் பாருங்க என்று வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள், ஆர்டர் கொடுக்க யாராவது வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே ஓடிப்போய் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வருவார், அடுத்த வாரம் சரி பண்ணீர்றேன் என்பார், எத்தனையோ அடுத்த வாரம் போய்விட்டது, மாமியாருக்கு மட்டும் அந்தக் கேட் பிடிக்கும், ஆடு உள்ளே வராது. பால்காரர் தள்ளுகிறார், உள்ளே வருகிறார், கேட் அவருக்குப் பின்னால் திரும்பி வருகிறது, டங், தபால்காரர் தள்ளுகிறார், டங், காற்று தள்ளுகிறது, பாதி வரைக்கும் போய் யோசித்துவிட்டுத் திரும்பி வருகிறது, டங், மத்தியான மாத்திரையின் மயக்கத்தில் நான் கேட்டில் உட்கார்ந்து போகிறேன், கேட்டுக்குச் சக்கரம் இருக்கிறது, நான் சுற்றிய செம்புக் கம்பியெல்லாம் அவிழ்ந்து குளத்தங்கரை ரோடு நெடுகக் கிடக்கிறது, அதன்மேல் போகிறேன், கேட் வலப்பக்கம் ஒதுங்கினால் தானாகத் திரும்பி நேரே வருகிறது, இடப்பக்கம் ஒதுங்கினாலும் தானாகத் திரும்பி நேரே வருகிறது, நான் கை வைக்கவே இல்லை, ஜெசிந்தா வரப்பில் நின்று மெல்ல மிதிங்க அக்கா என்கிறாள், டங், கண்ணைத் திறந்தால் முன்னறைக் கூரை, மின்விசிறி, வாசலில் கேட் சாத்தியிருக்கிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், தூணருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், கீலைப் பிடித்திருந்த சிமெண்டில் உளியை வைத்தார், என்னங்க பண்றீங்க என்று கட்டிலிலிருந்தே கேட்டேன், இதையாச்சும் நேராக்கறேன், ஒண்ணாவது என்ற பேச்சக் கேக்கட்டும் என்றார், திரும்பிப் பார்க்காமல் சொன்னார், அந்த முதுகைப் பார்த்தேன், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, இத்தனை நாள் என் முதுகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், அவர் முதுகு இப்படி வளைந்துபோனது எனக்குத் தெரியவே இல்லை, சுத்தியலை ஓங்கினார், அதைத் தொடாதீங்க என்றேன். என் வாய்தான் முதலில் சொன்னது, புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது, பெல்ட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்து வாசல்வரை வந்தேன், ஏன், கோணையா நிக்கறது நல்லாவா இருக்குது என்றார், கோணையா நிக்கறதாலதானுங்க அது ஊட்டுக்குத் திரும்பி வருது என்றேன், அவருக்குப் புரியவில்லை, எனக்கே அரைகுறையாகத்தான் புரிந்திருந்தது, கேட்டைத் திறந்து கையை எடுத்துக் காட்டினேன், அது வந்து சாத்திக்கொண்டது, நீங்க நேரா மாட்டுன கேட்டெல்லாம் உட்ட எடத்துல நிக்குது, கேட்டுக்கு அது பெருமை, சைக்கிளுக்கு எதுக்குங்க அது, கொஞ்சம் திரும்புச்சுனா அங்கயே நிக்கறக்கா, இல்ல நேருக்குத் திரும்பி வாறக்கா என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை, கையிலேயே மறந்துபோய் வைத்துக்கொண்டு நின்றார், கேட்டைத் தானே ஒரு தடவை திறந்துவிட்டார், டங், இன்னொரு தடவை, டங், திடீரென்று பட்டறைக்கு நடந்தார், என் பழைய சைக்கிளின் மிச்சத் துண்டுகளைக் கிளறினார், முன்பக்கத்து இரண்டு குழாய்கள், கழுத்து உட்கார்ந்திருந்த இடம் சாய்வாக அறுபட்டு நின்றது, அந்தச் சாய்வைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார், சரியாத்தான் இருந்துச்சு கண்ணு, நாந்தான் கோணைனு நெனச்சு நிமித்திப்புட்டேன் என்றார்.

சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார், இப்போது எனக்காக அல்ல, தனக்காக, கழுத்து நெட்டுக்குத்தாக நின்றால் அது காட்டுகிற கோடு மண்ணில் ஓரிடத்தில் விழுகிறது, ஃபோர்க்கின் நுனி முன்னால் வளைந்திருப்பதால் சக்கரம் அதற்கும் முன்னால் போய் மண்ணைத் தொடுகிறது, முன்னால் ஓடுகிற சக்கரம் எப்போது பார்த்தாலும் திரும்பிப் பின்னால் வரத்தான் துடிக்கும், கழுத்தைச் சாய்த்துவிட்டால் அந்தக் கோடு முன்னால் போய் விழுகிறது, சக்கரம் அதன் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருகிறது, இழுபட்டு வருகிற எதுவும் இழுக்கிறவர் பின்னால் நேராகத்தானே வரும், நானே வரலியா இத்தன வருசமா என்றேன், நீயா, நீயா இழுபட்டு வந்தே என்று சிரித்தார், பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துப் பழைய சாய்வை அதில் வெட்டி எடுத்துக்கொண்டார், தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் அன்றைக்கு வெளியிலேயே எடுக்கவில்லை, தான் நிமிர்த்தி வைத்ததைத் தானே அறுத்தார், சாய்த்து வைத்தார், கை இரண்டு தடவை தானாக அதை நிமிர்த்தப் போனது, கோணையா வெச்சுப் பழக்கமில்ல பாரு என்றார். சாயங்காலம் காலி மனையில் ஹேண்டிலைத் தொடாமல் சீட்டை மட்டும் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார், சக்கரம் கல்லில் இடறி ஒதுங்கியது, பிறகு தானாகத் திரும்பி நேரே வந்தது, இன்னொரு கல், மறுபடியும் வந்தது, அவர் நின்று என்னைப் பார்த்தார், மனைக்கு அந்தக் கோடியிலிருந்து, வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகும் சில்லறைத் தொல்லைகள் இருந்தன, மாமியார் வந்து பார்த்தார், காலு ரெண்டும் எதுக்கால வாரவங்க மொகத்துக்கு நேரா நீட்டிக்கிட்டு நிக்குதேடா, தெருமொனைல புள்ளையார் இருக்கறாரு, செருப்புக் கால அவருக்கு நீட்டிக்கிட்டா போவா என்ற மருமக என்றார், இவர் அம்மா சொல்லைத் தட்ட முடியாமல் பெடலைத் தாழ்த்தி வைத்தார், தாழ்த்தினால் திரும்பும்போது என் குதிகால் முன்சக்கரத்தில் உரசியது, உயர்த்தினால் பிள்ளையாருக்கு மரியாதைக் குறைவு, தாழ்த்தினால் எனக்குக் காயம், இரண்டு நாள் வீட்டில் இதே பேச்சு, கடைசியில் மாமியாரே ஒரு வழி சொன்னார், செருப்பில்லாம வெறுங்காலோட போ அம்மிணி, வெறுங்கால நீட்டுனா சாமி ஒண்ணும் நெனைக்காது, உன்ற முதுகு என்ன பாடு பட்டுச்சுனு அவருக்குத் தெரியாதா. நான் போய் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

யாருக்கெல்லாம் நன்றி சொல்வது, வலி வராத அந்த முதல் மிதிக்கு, ஜெசிந்தாவின் இரும்புக் கைக்கு, சாய்வு நாற்காலி மிஷினுக்கு, நகராமல் நின்ற பச்சைச் சுவருக்கு, என் சாம்பல் சைக்கிளுக்கு, தூணுக்குச் சரியாக அஸ்திவாரம் போடாமல் போன அந்தப் பெயர் தெரியாத கொத்தனாருக்கு, எத்தனையோ அடுத்த வாரம் அதைச் சரிபண்ணாமல் தள்ளிப்போட்ட என் வீட்டுக்காரரின் சோம்பலுக்கும், அந்தச் சோம்பல் மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கும் அந்தக் கட்டிலில்தான் கிடந்திருப்பேன். விடிந்து வெயில் ஏறாத நேரம், பெல்ட் போட்டுக்கொள்கிறேன், சீட்டில் உட்கார்ந்து மெல்லச் சாய்கிறேன், முதுகுப் பலகை என்னை வாங்கிக்கொள்கிறது, கேட்டை அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார், புடிச்சுக்கிட்டே இருக்கோணும், கைய உட்டா இது நிக்காது என்று சிரிக்கிறார், மெல்ல மிதி கண்ணு, நான் பக்கத்துலயே வாறேன் என்கிறார், நீங்க முன்னால வந்துறாதீங்க, கால்ல மாட்டிக்குவீங்க என்கிறேன், ஒரு மிதி, வண்டி வலப்பக்கம் ஒரு நொடி ஒதுங்குகிறது, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் போகிறேன், அதற்குள் அது தானாகத் திரும்பி நேரே வந்துவிட்டது, இன்னொரு மிதி, பின்னால் கேட் சாத்திக்கொள்கிற சத்தம், டங். தெருமுனையில் மாமியார் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கிறார், என் இரண்டு வெறும்பாதங்களும் நேராகப் பிள்ளையாரைப் பார்த்துப் போகின்றன, நான் கைகூப்ப முடியாது, தலையை மட்டும் தாழ்த்துகிறேன், மாமியார் எனக்குப் பதிலாகக் கும்பிடுகிறார், பார்த்துப் போ அம்மிணி என்கிறார், டீக்கடையில் யாரோ, ஏனுங்க படுத்துட்டே போறீங்க என்கிறார்கள், ஆமாங்க, படுத்துத்தாங்க போறேன் என்கிறேன், பச்சைச் சுவர் எங்கோ நகர்ந்து போய்விட்டது, குளத்தங்கரை ரோடு திரும்புகிறது, மேலே ஒரு கிளை போகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பிறகு இலை உதிர்ந்து வானம் தெரிகிற ஓர் இடம், பிறகு மறுபடியும் ஒரு கிளை, இந்த ரோட்டில் அத்தனை வருஷம் போயிருக்கிறேன், இந்த மரங்களின் அடிவயிற்றை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, மரம் அங்கேயேதான் நிற்கிறது, நான் போகிறேன், என்னைத் தள்ளுகிறவர் யாரும் இல்லை, பக்கத்தில் சென்னியப்பன் ஓட்டமும் நடையுமாக வருகிறார், மூச்சு வாங்குகிறது, சித்த நில்லு கண்ணு, செருப்பு, செருப்பு என்கிறார், திரும்பிப் பார்க்கிறேன், அவர் கையில் என் செருப்பு, இருக்கட்டுங்க, திரும்பி வந்து போட்டுக்கறேன் என்று சொல்லிவிட்டு மிதிக்கிறேன்.